பியானோ விரல், ஆர்கன் விரல்: ஸ்டேஜ் கீபோர்டு வாங்கப்போகிறவர்களுக்கு

கடைக்குப் போய் ஸ்டேஜ் கீபோர்டு ஒன்றைக் காட்டச் சொன்னால் முதலில் இரண்டு ஏமாற்றங்கள் காத்திருக்கும். ரிதம் இருக்காது. பெரும்பாலும் ஸ்பீக்கரும் இருக்காது. ஒரு பட்டனைத் தட்டினால் டிரம்ஸும் பேஸும் சேர்ந்து ஓடும் கீபோர்டில் பழகிய நமக்கு, "இதற்கா இவ்வளவு காசு?" என்று தோன்றுவது நியாயம்தான். என் அப்பா கடைக்காரர் முன்னாலேயே கேட்டுவிட்டார்.

அந்தக் காசு சில பழைய வாத்தியங்களை அசலுக்குப் பக்கத்தில் கொண்டுவருவதற்குப் போகிறது. கிராண்ட் பியானோ, ரோட்ஸ், வுர்லிட்சர் மாதிரியான எலக்ட்ரிக் பியானோக்கள், கிளாவினெட், ஹாமண்ட், வாக்ஸ், ஃபார்ஃபிசா ஆர்கன்கள் ஆகியவைதான் வழக்கமான பட்டியல். இதில் பியானோவையும் ஆர்கனையும் ஒரே பெட்டியில் அடைப்பதுதான் சிக்கல். பியானோவின் நோட்டு அடித்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கும். எவ்வளவு வேகமாக அடித்தீர்களோ அவ்வளவுதான் அதன் ஆயுள். ஆர்கன் நோட்டு விரலை எடுக்கும்வரை அதே பலத்தில் நிற்கும். மெல்லத் தொட்டாலும் குத்தினாலும் ஒரே அளவு. எந்த மாதிரிக் கட்டை (விரல் வைக்கும் 'கீ') வாங்குவது, கால் எங்கே இருக்க வேண்டும், இடது கைக்கு என்ன வேலை என்பதெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் கிளம்புகிறது. கீழே வரும் படிகள் எல்லாவற்றிலும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

முதல் படி: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பியானோ ஒலி பெரும்பாலான கீபோர்டுகளில் ஒலிப்பதிவுதான். நிஜ கிராண்ட் பியானோவை மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று பல அளவுகளில் அடித்துப் பதிவுசெய்து வைத்திருப்பார்கள். உங்கள் விரல் இறங்கும் வேகத்தைப் பார்த்து அதற்குப் பொருத்தமான பதிவு வெளியே வரும்.

நல்ல கீபோர்டுகளில் ஆர்கனைப் பதிவாக வைப்பதில்லை. நீங்கள் வாசிக்கும்போதே கணக்குப் போட்டு உருவாக்குகிறார்கள். காரணம் அசல் வாத்தியத்தின் அமைப்பு. அமெரிக்காவைச் சேர்ந்த லாரன்ஸ் ஹாமண்ட் அடிப்படையில் கடிகாரக்காரர். மின்கடிகாரத்துக்காக அவர் செய்த மோட்டார், கரண்டின் அதிர்வெண்ணோடு அடி பிசகாமல் ஓடும். அதே வகை மோட்டாரைத்தான் ஆர்கனுக்குள்ளும் வைத்தார். 1934-இல் காப்புரிமை, 1935-இல் விற்பனை. இருபது வருடம் கழித்து வந்த பி-3 மாடலுக்குள் 91 சக்கரங்கள் சுழல்கின்றன. விளிம்பில் மேடுபள்ளம் கொண்ட சின்ன உலோகச் சக்கரம் ஒரு காந்தத்துக்கு முன்னால் சுற்றும்போது, பக்கத்துக் கம்பிச்சுருளில் ஒரு சுருதி பிறக்கும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சுருதி.

ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒன்பது தொடர்புக் கம்பிகள். கட்டையை அழுத்தும்போது ஒன்பதும் ஒரே கணத்தில் தொடாது. அதனால் தொடக்கத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். செய்தவர்கள் அதைக் குறையாகப் பார்த்தார்கள். வாசித்தவர்களுக்கோ அதுதான் ருசியாகப் பட்டது. இன்று ஒரு குறையைக் கூட்டவும் குறைக்கவும் கீபோர்டு மெனுவில் 'கீ கிளிக்' என்று தனி அளவே கொடுத்திருக்கிறார்கள்!

பெடல், பெஞ்சு எல்லாம் சேர்த்து பி-3 ஏறக்குறைய 190 கிலோ. தூக்க நாலு பேர் வேண்டும். இன்று யமஹா ஒய்சி 61, நார்ட் எலக்ட்ரோவின் 61 கட்டை மாடல் மாதிரியானவை ஏழெட்டு கிலோதான். முதுகில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறலாம்.

இரண்டாம் படி: கட்டையை முடிவு செய்யுங்கள்

ஹார்மோனியக் காலத்திலிருந்து வரும் வார்த்தை என்பதால் 'கட்டை' என்றே எழுதுகிறேன். சுருதிக்கும் அதே பெயர் இருப்பதால் ஒரு இடத்தில் குழப்பம் வரும். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

பியானோக் கட்டைக்கு எடை உண்டு. உள்ளே சுத்தியல் மாதிரி ஒன்று இருந்து விரலுக்கு எதிர்ப்புக் கொடுக்கும். மெதுவுக்கும் ஓங்கலுக்கும் நடுவில் பத்து அளவு பிரித்து வாசிக்க அந்த எதிர்ப்பு தேவை. ஆர்கன் கட்டை லேசானது. முன்விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருக்காமல் வழுவழுப்பாக வளைந்து இறங்கும்; 'வாட்டர்ஃபால்' என்பார்கள். ஆர்கன்காரர்கள் உள்ளங்கையை அப்படியே கட்டைகளின் மேல் தேய்த்து இழுப்பார்கள். அதைச் சுத்தியல் கட்டையில் செய்து பாருங்கள், மறுநாள் கையில் பிளாஸ்திரி ஒட்ட வேண்டியிருக்கும்.

ஆக, இரண்டையும் முழுசாகத் தரும் கட்டை என்று ஒன்று கிடையாது. வீட்டிலும் மேடையிலும் பியானோதான் முக்கியம், ஆர்கன் ஊறுகாய் மாதிரி என்றால் 88 சுத்தியல் கட்டை வாங்குங்கள். ஒய்சி 88 மாதிரி மாடல்கள் 18 கிலோவுக்கு மேல் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சர்ச்சிலோ பேண்டிலோ ஆர்கனும் எலக்ட்ரிக் பியானோவும் நிறைய வாசிப்பவர் என்றால் 61 அல்லது 73 லேசான கட்டை. ஆர்கனுக்கு 61 தாராளம். பி-3-இன் இரண்டு வரிசையிலும் வரிசைக்கு 61 கட்டைகள்தான். பியானோவை இரண்டு கையாலும் வாசிக்க 61 போதாது. கீழே ஒரு ஸ்தாயி காலியானது போலவே இருக்கும். அதனால் ஒரே ஒரு கீபோர்டுதான் வாங்க முடியும் என்பவருக்கு என் ஓட்டு 73-க்கு.

அப்புறம், டிராபார். ஆர்கன் ஒலியைக் கலக்கும் ஒன்பது இழுப்புக் கம்பிகளும் கையால் தொட்டு நகர்த்தும்படி இருக்கின்றனவா என்று பாருங்கள். நார்ட் எலக்ட்ரோ 6டி, ரோலண்ட் விஆர்-730, யமஹா ஒய்சி வரிசை, ஹாமண்ட் எஸ்கே ப்ரோ ஆகியவற்றில் இருக்கின்றன. (இன்றைய ஹாமண்ட் சுசுகி நிறுவனத்திடம் இருக்கிறது. வாத்தியம் செய்யும் சுசுகி. பைக் செய்யும் சுசுகிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) 'ஆர்கன் 1, ஆர்கன் 2' என்று பட்டன் மட்டும் உள்ள பியானோவில் நல்ல ஆர்கன் சத்தம் கேட்கலாம், ஆனால் ஆர்கன் வாசிக்க முடியாது. ஏன் என்பது ஐந்தாம் படியில்.

மூன்றாம் படி: கடையில் கால் மணி நேரம்

சொந்த ஹெட்போனை எடுத்துப் போங்கள். போனதும் ரிவெர்பை (எதிரொலியை) அணைத்துவிடுங்கள். கடையில் எப்போதும் அதை ஏற்றியே வைத்திருப்பார்கள். அது பவுடர் பூசிய முகம்.

பியானோவில் நடுவில் ஒரு கட்டையை மிக மெதுவிலிருந்து மிக ஓங்கி வரை பத்துத் தடவை அடியுங்கள். படிப்படியாக ஏறுகிறதா, ஓரிடத்தில் திடீரென்று வேறு பியானோவாக மாறுகிறதா? பிறகு கீழ் ஸ்தாயியில் ஒரு நோட்டைப் பிடித்துக்கொண்டு அது சாகும்வரை கேளுங்கள். மலிவான ஒலி கொஞ்ச நேரத்தில் ஒரே அலையாகச் சுற்றத் தொடங்கிவிடும்.

ஆர்கனுக்கு வேறு சோதனை. ஒரு கட்டையை அடிவரை போகாமல் லேசாக மட்டும் அமுக்குங்கள். அசல் ஹாமண்டில் கட்டை கொஞ்சம் இறங்கியதுமே சத்தம் வந்துவிடும். நல்ல கீபோர்டிலும் ஆர்கன் ஒலிக்கு அப்படி வர வேண்டும். ஒரே கட்டையை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டும்போது இதன் அருமை தெரியும். கார்டு ஒன்றை (சேர்ந்து ஒலிக்கும் சில நோட்டுகளை) பிடித்தபடியே டிராபாரை மெல்ல இழுங்கள். சத்தம் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும், படிக்கட்டில் தாவக் கூடாது. கடைசியாக, பியானோ நோட்டைப் பிடித்துக்கொண்டே ஆர்கனுக்கு மாற்றிப் பாருங்கள். பழைய நோட்டு வெட்டுப்பட்டால், பாட்டு நடுவில் ஒலி மாற்றும்போது மேடையிலும் அப்படித்தான் வெட்டும்.

நான்காம் படி: கால்

விரலை எடுத்த பிறகும் நோட்டை நீட்டிவைக்கும் சஸ்டைன் பெடல் பியானோவுக்கு மூச்சு. கூடவே வரும் சதுரப் பெட்டி மாதிரியான பெடலை நம்பாதீர்கள். அழுத்த அழுத்த நழுவிக்கொண்டே மேடைக்கு அந்தப்பக்கம் போய்விடும். கனமான பியானோ மாதிரிப் பெடல் வாங்குங்கள். கீபோர்டு பாதிப் பெடலை (பாதி மட்டும் அழுத்துவதை) ஏற்கும் என்றால் அதற்கேற்ற பெடலாக வாங்குவது நல்லது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கல்யாண வரவேற்பு. அவசரத்தில் ஒயரை மாட்டி சுவிட்சைப் போட்டேன். முதல் பாட்டு தொடங்கியதும் நோட்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று குழைந்து சாம்பார் ஆகிவிட்டன. பெடலை அழுத்தினால்தான் சத்தம் நிற்கிறது, விட்டால் நீள்கிறது! பாடகி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. விஷயம் இதுதான்: பல கீபோர்டுகள் உயிர் பெறும் கணத்தில் பெடல் இருக்கும் நிலையைப் பார்த்து, அதுவே 'விட்ட நிலை' என்று எடுத்துக்கொள்ளும். சுவிட்சைப் போடும்போது என் கால் பெடலின் மேல் இருந்திருக்கிறது. அணைத்து, காலை எடுத்துவிட்டு, மறுபடி போட்டதும் சரியானது. தப்பு முழுக்க என்னுடையது.

ஆர்கனுக்கு மாறியதும் அந்தப் பெடலை மறந்துவிடுங்கள். ஹாமண்டில் சஸ்டைன் பெடல் என்ற சங்கதியே கிடையாது. நோட்டுகளை இணைக்க வேண்டியது விரல்தான். ஒரு விரல் கட்டையைப் பிடித்திருக்கும்போதே அதே கட்டையில் வேறு விரலை மாற்றி வைத்து, விடுபட்ட விரலால் அடுத்ததைப் பிடிக்கப் பழகுங்கள். கால் போக வேண்டிய இடம் எக்ஸ்பிரஷன் பெடல். விரலால் பலத்தை மாற்ற முடியாத வாத்தியத்தில் ஏற்ற இறக்கம் அங்கிருந்துதான் வரும். வரிகளுக்கு நடுவே அது சும்மா இருக்கவே கூடாது. எக்ஸ்பிரஷன் பெடலின் ஒயரிங் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாங்குவதற்கு முன் உங்கள் கீபோர்டோடு மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: டிராபார்

இங்கே கொஞ்ச நேரம் உட்காருவோம்.

ஒன்பது கம்பிகள். உள்ளே தள்ளியிருந்தால் 0, உங்களை நோக்கி முழுக்க இழுத்தால் 8. ஆகவே எந்த ஆர்கன் ஒலியையும் ஒன்பது இலக்கத்தில் எழுதிவிடலாம். ஒவ்வொரு கம்பியின் மேலும் 16 அடி, 5⅓ அடி, 8 அடி என்று போட்டிருக்கும். குழல் ஆர்கனில் குழலின் நீளத்தைச் சொல்லும் வழக்கம் அது. புதியவரைப் பயமுறுத்துவதற்கென்றே வைத்தது போல இருக்கும். நமக்கு ஸ்வரமாகச் சொன்னால் உடனே பிடிபடும்.

நடு 'சி' கட்டையை ஸ என்று வையுங்கள். 8 அடிக் கம்பி அந்த ஸ-வையே தரும். 16 அடி கீழ் ஸ்தாயி ஸ. 5⅓ அடி, நடு ஸ-வுக்கு மேலே உள்ள ப. 4 அடி மேல் ஸ்தாயி ஸ. 2⅔ அடி அந்த ஸ்தாயியின் ப. 2 அடி அதற்கும் மேலே உள்ள ஸ. 1⅗ அடி அங்கே உள்ள அந்தர காந்தாரம். 1⅓ அடி அதே ஸ்தாயியின் ப. 1 அடி, மூன்று ஸ்தாயி மேலே உள்ள ஸ. அதாவது ஒரே கட்டையை அழுத்தும்போது ஸ, ப, க மூன்றும் வெவ்வேறு உயரத்தில் சேர்ந்து ஒலிக்கின்றன. கலவையைத் தீர்மானிப்பது உங்கள் கை.

தம்புராவின் மந்திரத் தந்தியை மீட்டிக் காதை வைத்துக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. யாரும் மீட்டாத காந்தாரம் அதற்குள்ளிருந்து தானாக எழும். ஹாமண்ட் செய்தது அந்தத் தானாக எழும் ஸ்வரங்களைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி போட்டதுதான். ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. ஆர்கனின் காந்தாரம் வேறொரு கட்டைக்கான சக்கரத்திலிருந்து கடன் வாங்கியது. அதனால் தம்புரா காந்தாரத்தைவிட ஒரு இழை கூடுதலாக நிற்கும். கர்நாடக சங்கீதக் காது உள்ளவர்கள் அந்தக் கம்பியை இழுக்கும்போது முகம் சுளிப்பது அதனால்தான்.

நிறமும் உதவும். முதல் இரண்டு பழுப்பு. வெள்ளை எல்லாம் ஸ. கறுப்பு மூன்றும் ப, க, ப. வெள்ளையை இழுத்தால் சத்தம் தெளியும், கறுப்பை இழுத்தால் காரம் ஏறும்.

இப்போது கை வையுங்கள். எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டு, முதல் மூன்றை மட்டும் முழுக்க இழுங்கள்: 888000000. இது ஜிம்மி ஸ்மித் வழியாக வந்த ஜாஸ் ஆர்கனின் அடிப்படை ஒலி. பர்கஷனைப் போட்டு மூன்றாவது ஹார்மானிக், வேகமாகத் தேய்வது, மெல்லிய அளவு என்று வையுங்கள். ஒவ்வொரு நோட்டின் முனையிலும் மணி தட்டியது மாதிரி ஒரு 'டிங்' ஒட்டிக்கொள்ளும். கோரஸை சி-3-க்குத் திருப்புங்கள். சத்தம் லேசாகத் தளும்பத் தொடங்கும்.

இதில் புதியவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. ஒரு நோட்டைப் பிடித்துக்கொண்டே அடுத்ததை வாசித்தால் 'டிங்' வராது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். அசல் பி-3-யும் அப்படித்தான். எல்லா விரலும் மேலே வந்த பிறகு விழும் நோட்டுக்குத்தான் பர்கஷன். மணி வேண்டிய இடத்தில் விரலைத் தூக்கி வாசியுங்கள், வேண்டாத இடத்தில் ஒட்டி வாசியுங்கள். பர்கஷன் போட்டதும் ஒன்பதாவது கம்பி ஊமையாகிவிடுவதும் அசலின் குணம்தான்.

அடுத்த ஒரு வாரத்துக்கு ஒரே பயிற்சி. வலது கையில் ஒரு கார்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். 888000000-இல் தொடங்கி, பாட்டு ஏற ஏற இடது கையால் நாலாவதை, பிறகு கடைசி மூன்றை, கடைசியில் எல்லாவற்றையும் இழுத்து 888888888-க்குக் கொண்டுபோங்கள். அங்கிருந்து மறுபடி இறங்குங்கள். பட்டன் மட்டும் உள்ள கீபோர்டில் இந்த ஏற்றம் கிடைக்காது. கூடவே பேஸ் கிட்டார் இல்லையென்றால் கீபோர்டை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கத்துக்கு 838000000 வைத்து இடது கையால் பேஸ் நடத்தலாம். அப்போது டிராபாரைத் தொட வலது கையை எப்போது விடுவிப்பது என்பதே ஒரு தனிக் கலை.

ஆறாம் படி: லெஸ்லி

கலிஃபோர்னியாவில் டான் லெஸ்லி என்பவருக்கு ஹாமண்டின் சத்தம் ஒரே இடத்தில் நிற்பது பிடிக்கவில்லை. சத்தத்தையே சுழற்றும் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைச் செய்து 1940களின் தொடக்கத்தில் விற்கத் தொடங்கினார். ஹாமண்ட் நிறுவனம் அதை ஏற்கவில்லை. உலகம் இரண்டையும் பிரித்துப் பார்க்க மறுத்துவிட்டது.

பெட்டியின் மேலே ஒரு கொம்பு மேல் ஸ்தாயிகளைச் சுழற்றும். கீழே ஒரு டிரம் கீழ் ஸ்தாயிகளைச் சுழற்றும். கொம்புக்கு இரண்டு வாய் இருக்கும். சத்தம் வருவது ஒன்றில்தான், மற்றது எடையைச் சமன்செய்யும் வெறும் வாய். மெதுவில் கொம்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 சுற்று, வேகத்தில் 400. கொம்பு லேசானது என்பதால் சுவிட்சைத் தட்டியதும் ஒரு விநாடியில் வேகம் பிடித்துவிடும். கனமான டிரம் எழுந்து வர இன்னும் சில விநாடி எடுக்கும். அந்த இடைவெளியில் பிறக்கும் குழைவுதான் லெஸ்லியின் மொத்த மந்திரமும். கடையில் கீபோர்டின் லெஸ்லி ஒலியிலும் இதைக் கேட்டுப் பாருங்கள்: மேலும் கீழும் ஒன்றாக வேகம் எடுத்தால் அது சுமாரான போலி.

எப்போது தட்டுவது? மெதுவிலேயே வாசித்துக்கொண்டிருங்கள். பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் கார்டு நீளும்போது தட்டுங்கள். பாட்டு முழுக்க வேகத்திலேயே விட்டுவைப்பது புதியவரின் அடையாளம். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் விட்டுவைத்தேன். டிரைவ் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் சத்தம் கரகரக்கும். டீப் பர்பிள் குழுவின் ஜான் லார்ட் ஹாமண்டை மார்ஷல் கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் செலுத்தி உறுமவிட்ட வகையறா அது. சர்ச்சில் வேண்டாம்.

ஏழாம் படி: மேடை

மிக்சருக்கு ஒரே ஒரு ஒயர்தான் கிடைக்கிறது என்றால் 'எல்/மோனோ' என்று எழுதிய துளையில் செருகுங்கள். வலது துளையில் செருகினால் பியானோவின் பாதிதான் போகும். மோனோவில் சில ஸ்டீரியோ பியானோக்கள் உள்ளீடற்று ஒலிக்கும். மோனோவுக்கென்றே ஒரு பியானோ ஒலி இருந்தால் அதை எடுங்கள். ஆம்ப்ளிஃபையரைக் கடைசியில் போட்டு முதலில் அணையுங்கள்.

பேண்டோடு வாசிக்கும்போது பியானோவில் இடது கையை மேலே கொண்டுவாருங்கள். கீழ் ஸ்தாயி பேஸ் கிட்டாரின் வீடு. தனியாகக் கேட்க மெல்லியதாகத் தெரியும் பளிச்சென்ற பியானோதான் கூட்டத்தில் தலை தூக்கும். ரோட்ஸுக்கு மாறினால் அடியைக் கவனியுங்கள்: மெல்லத் தொட்டால் மணி, ஓங்கினால் உறுமல். சுத்தியல் ஒரு மெல்லிய உலோகக் குச்சியை அடிக்கும் வாத்தியம் அது.

சரி, அந்தக் கட்டைக் குழப்பம். பாடகர் "அரைக் கட்டை இறக்குங்க" என்பார் (இங்கே கட்டை என்றால் சுருதி), சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டுவீர்கள். அடுத்த பாட்டுக்கு முன் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறப்பீர்கள். எல்லோரும் மறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கண் முதலில் அந்தப் பட்டனின் விளக்குக்குப் போகும்படி பழக்குங்கள்.

ஜெனரேட்டர் மேடைகளில் கரண்ட் ஒரு விநாடி கண் சிமிட்டினாலும் கீபோர்டு முதலிலிருந்து கிளம்பும். சில மாடல்களில் அதற்கு அரை நிமிடம்கூட ஆகலாம். சின்ன யுபிஎஸ் ஒன்று அந்த அவமானத்தைத் தடுக்கும்.

கடைசியாக, அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ உறவினர் மூலம் வரவழைப்பவர்களுக்கு. அங்கே வீட்டு மின்சாரம் 120, 100 வோல்ட்; நம் ஊரில் 230. எல்லா வோல்ட்டையும் ஏற்கும் மாடலும் உண்டு, நேரடியாகச் செருகினால் புகை வரும் மாடலும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் பின்பக்கத் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டிஜிட்டல் கீபோர்டுக்கு வோல்ட் மட்டும்தான் கவலை. அமெரிக்காவிலிருந்து வரும் அசல் ஹாமண்டாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போட்டும் தப்பிக்க முடியாது. அது 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் கடிகார மோட்டார். நம் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சுற்றி, மொத்த ஆர்கனும் சுருதியில் ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை இறங்கி உட்கார்ந்துவிடும்.